உத்தியின் பெயர் கடைசியில் வரட்டும்: சிறுகதையை ஆராய மாணவர்களுக்குக் கற்பித்தல்

சிறுகதை பற்றிய விடைத்தாள்களைத் திருத்துகிற எவருக்கும் பழகிப்போன வாக்கியம் ஒன்று உண்டு: "ஆசிரியர் இக்கதையில் குறியீடு, படிமம், முரண், பின்னோக்கு உத்தி ஆகியவற்றைச் சிறப்பாகக் கையாண்டுள்ளார்." இந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை, ஆனால் இதை எழுதுவதற்குக் கதையைப் படித்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. வேறு எந்தக் கதையைப் பற்றிக் கேட்டாலும் இதையே எழுதிவிடலாம். இதற்காக மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, ஏனெனில் பல ஆண்டுகள் நானே அதற்குத்தான் அவர்களைப் பழக்கினேன். முதல் வகுப்பில் இருபது உத்திகளின் பெயர்களையும் வரையறைகளையும் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். அடுத்த வகுப்பில் ஒரு கதையைக் கொடுத்து, இவற்றில் எவை இதில் உள்ளன என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். அவர்களும் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். கண்டெடுத்தது அந்த இடத்தில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

பிறகு வரிசையைத் தலைகீழாக மாற்றினேன். படிக்கும்போது வாசகருக்குள் என்ன நிகழ்ந்தது என்பதில் தொடங்கி, எந்தச் சொல்லால் அது நிகழ்ந்தது என்று தேடி, அந்தச் சொல்லை மாற்றினால் என்ன ஆகிறது என்று சோதித்துப் பார்த்து, இவ்வளவும் முடிந்த பின்னரே அதற்கு ஏற்கெனவே இலக்கிய உலகம் வைத்திருக்கும் பெயரைச் சொல்வது என்பதே அந்த மாற்றம். உத்தி என்ற சொல் தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியத்தின் மரபியல் என்ற இயல் 32 உத்திகளைக் கூறுகிறது. அவை நூல் யாப்பவனுக்கு உரியவையே தவிரக் கதைக்கு உரியவை அல்ல. ஆயினும் அங்கும் உத்தி என்பது ஒரு நோக்கத்துக்காக எழுதுபவன் தேர்ந்துகொள்ளும் வழிதான். தேர்வு என்றால் தேராமல் விட்ட வேறு வழியும் இருந்திருக்க வேண்டும். அந்த விடுபட்ட வழியை மாணவரின் கண்ணுக்குக் காட்டுவதே கற்பிப்பவரின் முதன்மையான வேலை என்று நான் கருதுகிறேன்.

கதையைத் தேர்வதும் முதல் வாசிப்பும்

ஒரே வகுப்பில் இரண்டு முறை படிக்கக்கூடிய அளவுள்ள கதையே தொடக்கத்துக்கு ஏற்றது; 1,500 சொற்களுக்கு மேல் வேண்டாம். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842இல் எழுதிய ஒரு மதிப்புரையில், ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடியதாக இருப்பதே சிறிய புனைகதையின் பலம் என்றும், அதன் ஒவ்வொரு சொல்லும் ஒரே விளைவை நோக்கிச் செல்ல வேண்டும் என்றும் வாதிட்டார். எல்லாச் சிறுகதைகளுக்கும் இது பொருந்தாது என்றாலும், வகுப்பறைக்கு இது நல்ல அளவுகோல். அளவைவிட முக்கியமானது, கதையில் சொல்லப்படாமல் விடப்பட்ட ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்பது. தன் கருத்தைக் கடைசிப் பத்தியில் தானே எடுத்துச் சொல்லிவிடும் கதையில் மாணவருக்குக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

எழுதியவரின் பெயரை முதலில் மறைத்துவிடுவது நல்லது. கேம்பிரிட்ஜில் ஆங்கிலத் திறனாய்வாளர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கவிதைகளை ஆசிரியர் பெயரின்றி மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த கருத்துகளை ஆராய்ந்து 1929இல் நூலாக வெளியிட்டார். பெயர் என்ற ஊன்றுகோல் இல்லாதபோது தேர்ந்த மாணவர்களும் எவ்வளவு தடுமாறுகிறார்கள் என்பதை அந்நூல் வெளிப்படுத்தியது. அந்தத் தடுமாற்றம் வகுப்பில் நிகழ்வதே நமக்கு வேண்டும். பெரிய எழுத்தாளர் என்று தெரிந்துவிட்டால், கதையை விட்டுவிட்டு அவரைப் பற்றித் தாம் கேள்விப்பட்டதை மாணவர்கள் எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

முதல் வாசிப்பை ஆசிரியரே உரக்கச் செய்ய வேண்டும். நடுவில் விளக்கம் கூடாது, மாணவர் கையில் எழுதுகோலும் வேண்டாம். படித்து முடித்ததும் மூன்று நிமிட அமைதி. அதன் பின் கதைத்தாளைக் கொடுத்து, தயங்கி நின்ற இடம், திரும்பிப் போய்ப் பார்க்கத் தோன்றிய இடம், எதையோ ஊகித்த இடம் ஆகிய மூன்றையும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். ஏன் என்ற கேள்வியை இப்போது கேட்க வேண்டாம். 'சோகமாக இருந்தது' என்று ஒரு மாணவர் சொன்னால் அதைப் பொதுப்படையான விடை என்று தள்ளிவிடாமல், எந்த வரி வரைக்கும் அந்தச் சோகம் இல்லை, எந்த வரியில் அது வந்து சேர்ந்தது என்று கேளுங்கள். விரல் ஒரு வரியில் போய் நிற்கும். ஆராய்ச்சி அங்கே தொடங்கிவிட்டது.

ஒரு பத்தியை அருகில் வைத்துப் பார்த்தல்

இந்தப் பயிற்சிக்கென்றே நான் எழுதி வைத்திருக்கும் பத்தி ஒன்றை இங்கே தருகிறேன். கதையின் இறுதிப் பகுதி இது என்று மட்டும் மாணவர்களிடம் சொல்வேன்.

"அப்பாவின் மரப்பெட்டியை அண்ணன் திறந்தான். இழைப்புளி ஒன்று, சுத்தியல்கள் இரண்டு, ரம்பங்கள் மூன்று, உளிகள் ஏழு. எனக்கு எதுவும் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். ஆகையால் சன்னலோரம் நின்று வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உளிகளை அண்ணன் ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்தான். ஆறாவது உளியின் பிடியில் அப்பாவின் பெருவிரல் அழுத்தி அழுத்திக் குழிந்த இடம் பளபளத்தது. அதை அவன் துடைக்கவில்லை. 'ஏதாவது ஒண்ணு எடுத்துக்கோடா' என்றான். வேண்டாம் என்றேன். அவன் போனபிறகு பெட்டியை மூடப் போனேன். உள்ளே ஓர் உளி இருந்தது. வெளியே மழை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை."

பெரும்பாலான மாணவர்கள் முதலில் நிற்கும் இடம் 'உள்ளே ஓர் உளி இருந்தது' என்ற வரி. எந்த உளி என்று கேட்டால், உடனே 'அந்தக் குழிந்த பிடி உளிதான்' என்பார்கள். அப்படிக் கதையில் எங்கே எழுதியிருக்கிறது என்று அடுத்துக் கேட்க வேண்டும். தேடிப் பார்ப்பார்கள்; எங்கும் இருக்காது. எழுதப்படாத ஒன்றை வகுப்பு முழுவதும் ஒரே குரலில் எப்படி அறிந்துகொண்டது என்ற வியப்பு அவர்களுக்கே வரும் அந்த நொடிக்காக ஆசிரியர் காத்திருக்க வேண்டும், முந்திக்கொண்டு விளக்கிவிடக் கூடாது.

இப்போது மாற்றிப் பார்த்தல். கரும்பலகையில் அந்த வரிக்குப் பதிலாக இன்னொரு வரியை எழுதுங்கள்: "அப்பாவின் விரல் தடம் பதிந்த அந்த உளியை அண்ணன் எனக்காக விட்டுச் சென்றிருந்தான்." செய்தி ஒன்றுதான்; சொல்லப்போனால் இதில் தெளிவு கூடுதல். எதை இழந்தோம் என்று கேளுங்கள். நாங்களாகக் கண்டுபிடிப்பது போய்விட்டது என்று ஒருவர் சொல்வார். அண்ணனுடைய செயலில் இருந்த அமைதி போய்விட்டது என்பார் இன்னொருவர். சிறிது நேரம் விட்டுவைத்தால் இதைவிட நுட்பமான விடை ஒன்றும் வரும்: மாற்றி எழுதிய வரியில் கதைசொல்லி தன் மனத்தைத் திறந்துவிடுகிறான், மூல வரியில் அவனால் அது முடியவில்லை. வாசகரிடம்கூட ஒப்புக்கொள்ள முடியாத ஒருவனின் பேச்சு அது.

அடுத்த சோதனை 'எடுத்துக்கோடா' என்ற ஒற்றைச் சொல். அதை 'எடுத்துக்கொள்' என்று மாற்றிப் படியுங்கள். பத்தி முழுவதும் எழுத்து வழக்கில் செல்லும்போது ஓர் இடத்தில் மட்டும் பேச்சு வழக்கு வருகிறது. அதிலும் அந்த 'டா' அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையில் எஞ்சியிருக்கும் நெருக்கம் முழுவதையும் சுமக்கிறது. அதற்குத் தம்பி தரும் விடையோ மேற்கோள் குறிகூட இல்லாமல், 'வேண்டாம் என்றேன்' என்று எழுத்து வழக்கிலேயே நின்றுவிடுகிறது. ஒருவர் கை நீட்டுகிறார், மற்றவர் நீட்டவில்லை என்பதை இரண்டு வழக்குகளின் வேறுபாடே காட்டிவிடுகிறது.

யார் சொல்கிறார், யார் பார்க்கிறார்

உத்திகள் அனைத்திலும் நான் மிகுந்த நேரம் செலவிடுவது கதைசொல்லியிடம்தான். மற்றவை அனைத்தும் அவர் வழியாகவே வாசகரை வந்தடைகின்றன என்பதால், இதைப் பிடித்துக்கொண்ட மாணவருக்கு ஏனையவை பாதி எளிதாகிவிடும். தன்மைக் கூற்று, படர்க்கைக் கூற்று என்று வகைப்படுத்துவதோடு பாடநூல்கள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அது போதாது. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ழெரார் ஜெனெட் 1972இல் சொல்பவர் யார், பார்ப்பவர் யார் என்ற இரு கேள்விகளையும் பிரித்துக் காட்டினார். நாற்பது வயதில் ஒருவர் தம் எட்டு வயதுக் கதையைச் சொல்கிறார் என்றால், சொல்லும் வாய் நாற்பது வயதினுடையது. காணும் கண் எட்டு வயதினுடையதாக இருக்கலாம். ஒரு வரியில் கண் குழந்தையினுடையதாக இருந்து அடுத்த வரியில் பெரியவருடையதாக மாறுகிறதா என்று பென்சிலால் குறிக்கச் சொன்னால், மாணவர்கள் ஆர்வத்தோடு செய்வார்கள்.

மேலே உள்ள பத்திக்குத் திரும்புவோம். சன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்ததாகத் தம்பி சொல்கிறான். அப்படியானால் உளிகள் ஏழு என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? குழிந்த பிடி ஆறாவது உளியில் இருந்தது என்று எண்ணியது யார்? பார்த்துக்கொண்டிருந்த மழை எப்போது நின்றது என்று ஏன் அவனுக்குத் தெரியவில்லை? இந்த மூன்று கேள்விகளையும் ஆசிரியர் கேட்கக் கூடாது. ஒரு மாணவர் கேட்கும்வரை பொறுக்க வேண்டும். 'இவன் சொல்லுகிற இடத்தில் இவன் கண் இல்லை' என்று யாராவது சொன்னதும், 1961இல் அமெரிக்கத் திறனாய்வாளர் வேய்ன் பூத் இத்தகையவரை நம்பகமற்ற கதைசொல்லி என்று அழைத்தார் என்ற செய்தியைச் சொல்லலாம். அப்போது அந்தப் பெயர் ஒரு வரையறையாக மனப்பாடம் ஆகாமல், தாம் கண்டுபிடித்த ஒன்றுக்குக் கிடைத்த பெயராக மனத்தில் தங்கும். நம்பகமற்றவர் என்றால் பொய்யர் என்று பொருளில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். இந்தத் தம்பி யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. தன்னைத் தானே அறியாதிருக்கிறான்.

கதை சொல்பவர் மனிதராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வ. வே. சு. ஐயர் 1915இல் எழுதிய 'குளத்தங்கரை அரசமரம்' கதையைச் சொல்வது மரம். அதைப் படிக்கும்போது, நகர முடியாத மரம் தானே கண்டிருக்கக்கூடியது எது, பிறர் பேசக் கேட்டுத்தான் அறிந்திருக்க முடியும் என்பது எது என்று இரு நிறங்களில் குறிக்கச் சொல்லலாம். 1917இல் ருஷ்யத் திறனாய்வாளர் விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி, பழகிப்போன பொருளைப் பழகாததுபோல் காணச் செய்வதே கலையின் வேலை என்று வாதிட்டபோது, டால்ஸ்டாய் ஒரு குதிரையின் வாயால் கதை சொல்லவைத்ததைத்தான் எடுத்துக்காட்டினார். 'உடைமை' என்ற மனிதச் சொல் குதிரைக்கு விளங்காமல் போகும்போது நமக்கும் அது விந்தையாகத் தோன்றுகிறது. மரமும் குதிரையும் வெறும் புதுமைக்காகப் பேசவில்லை என்று மாணவர் உணர இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பேசலாம்.

கதைசொல்லியின் நிலையை அறியத் தமிழ் இலக்கணமே பல தடயங்களை வைத்திருக்கிறது. பிறமொழிக் கலைச்சொற்களை மொழிபெயர்த்துக் கற்பிக்கும் அவசரத்தில் இவற்றை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம் என்பது என் ஆழ்ந்த வருத்தம். வினைமுற்றின் ஈறு ஒன்று போதும். ஒரே மனிதரைக் கதையின் முன்பாதியில் 'வந்தார்' என்றும் பின்பாதியில் 'வந்தான்' என்றும் எழுதினால், இடையில் எங்கோ கதைசொல்லியின் மதிப்பீடு மாறிவிட்டது. அந்த மாற்றம் நிகழ்ந்த வரியே கதையின் திருப்புமுனையாகவும் இருக்கலாம். 'அவன் அன்றே கடனைத் தீர்த்துவிட்டான்' என்பதற்கும் 'தீர்த்துவிட்டானாம்' என்பதற்கும் உள்ள தொலைவைப் பாருங்கள். அந்த 'ஆம்' வந்த உடனே, சொல்பவர் அதை நேரில் அறியவில்லை என்பதும், நம்பவில்லையோ என்ற ஐயமும் சேர்ந்து வந்துவிடுகின்றன.

'என்று' என்ற சொல்லும் அப்படித்தான். 'இனி அவன் வரமாட்டான் என்று அவள் நினைத்தாள்' என்ற வரியில் கதைசொல்லி நமக்கும் அவளுக்கும் நடுவில் நிற்கிறார். 'அவள் கதவைத் தாழிட்டாள். இனி அவன் எங்கே வரப்போகிறான்?' என்று எழுதும்போது, படர்க்கையிலேயே இருந்துகொண்டு அவள் நெஞ்சுக்குள் நாம் நுழைந்துவிடுகிறோம். இரண்டாம் வரியைப் பேசியது யார் என்று வகுப்பைக் கேட்டால் பாதிப்பேர் அவள் என்பார்கள், பாதிப்பேர் கதைசொல்லி என்பார்கள். இருவரும் சரி, அந்த இரட்டைத்தன்மைதான் உத்தி. இதே கலப்பு இன்னும் நீண்டு, நினைவுகளும் உணர்வுகளும் வாக்கிய ஒழுங்கையே மீறிப் பாயத் தொடங்கினால் நனவோடை என்ற எல்லையை நெருங்குகிறோம் என்று சொல்லி, அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

குறியீடு என்று சொல்லும் முன்

மாணவர்கள் மிக விரும்பும் சொல் குறியீடு. மிகுதியாகத் தவறிப்போவதும் அங்கேதான். கதையில் பறவை வந்தால் விடுதலை, விளக்கு வந்தால் நம்பிக்கை, மழை வந்தால் கண்ணீர் என்று ஒரு அகராதியைக் கையில் வைத்திருக்கிறார்கள். அந்த அகராதியைப் பறிக்க எளிய வழி, பொருளை முதலில் பொருளாகவே பார்க்கச் சொல்வது. உளி எதற்குப் பயன்படுகிறது, எப்படி அந்தப் பிடி குழிந்தது, அப்படிக் குழிய எத்தனை ஆண்டு உழைப்பு வேண்டும் என்று பேசவிடுங்கள். அதன் பின், இந்தப் பொருள் கதையில் எத்தனை முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் அதன் நிலை மாறுகிறதா, அதை எடுத்துவிட்டு வேறு பொருளை வைத்தால் கதை தாங்குமா என்று கேளுங்கள். உளிக்குப் பதிலாகப் பெட்டியில் சுத்தியல் எஞ்சியிருந்தால்? விரல் பதிந்த குழிவு இல்லை. தந்தையின் கை இல்லை. ஆகவே உளிக்கு அந்த இடம் உரியது.

மழைக்கு இதே சோதனையைச் செய்தால் வேறு விடை கிடைக்கிறது. மழை தம்பியின் கண்ணீரைக் குறிக்கிறது என்று ஆண்டுதோறும் சிலர் எழுதுகிறார்கள். ஆனால் அந்த மழை நின்றுவிட்டது. நின்றதும் அவனுக்குத் தெரியவில்லை. இங்கே மழையின் வேலை அவன் கண் எங்கே இருந்தது என்பதற்குச் சான்றாக நிற்பது மட்டுமே. குறியீடாகத் தோன்றுவதெல்லாம் குறியீடு அல்ல என்பதை இப்படி ஒரே பத்திக்குள் இரு பொருள்களை ஒப்பிட்டுக் காட்டினால், தனியாக எச்சரிக்க வேண்டியதில்லை.

சொல்லாமல் சொல்லும் முறைக்குத் தமிழில் நீண்ட மரபு உண்டு. ஒரு நிலத்துக்கு உரிய விலங்கு, பறவை, மரம் போன்ற கருப்பொருள்களைக் கொண்டு தீட்டும் காட்சியே உவமையாக நின்று, சொல்ல வந்ததை வெளிப்படையாகக் கூறாமல் கேட்பவர் உய்த்துணர விடுவதைத் தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்கிறது. கருப்பொருளின் ஊடே, சொன்னதற்கும் அப்பால் தோன்றும் குறிப்பை இறைச்சி என்கிறது. உயர்வகுப்பு மாணவர்களுக்கு இவ்விரண்டையும் அறிமுகப்படுத்துவது மிகுந்த பயன் தரும். காட்சியின் ஒவ்வோர் உறுப்புக்கும் மனித நிகழ்ச்சியில் ஒரு நேர் உண்டா, அல்லது முழுக்காட்சியிலிருந்தும் ஒரு பொதுவான குறிப்பு மட்டும் எழுகிறதா என்ற கேள்வியை இன்றைய சிறுகதையிடமும் கேட்கலாம்.

காலமும் இடைவெளியும்

இதற்கு ஒரே ஒரு பயிற்சி போதும். தாளில் இரண்டு கிடைக்கோடுகள் வரையச் சொல்லுங்கள். மேல்கோட்டில் நிகழ்ச்சிகளை அவை நடந்த வரிசையிலும், கீழ்க்கோட்டில் கதை அவற்றைச் சொன்ன வரிசையிலும் குறித்து, ஒத்த நிகழ்ச்சிகளைக் கோடுகளால் இணைக்க வேண்டும். இணைப்புக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் பின்னோக்கு உத்தியோ முன்னுணர்த்தலோ இருக்கிறது. ஏன் இந்தச் செய்தி இவ்வளவு தாமதமாக வந்தது, முன்பே வந்திருந்தால் எந்த வரியின் பொருள் மாறியிருக்கும் என்பதே அடுத்த கேள்வி.

வேகத்தையும் இதே தாளில் அளக்கலாம். நம் பத்தியில் உளிகளைத் துடைப்பதற்கு மூன்று வாக்கியங்கள் கிடைத்திருக்கின்றன. அண்ணன் விடைபெறுவதற்கோ 'அவன் போனபிறகு' என்ற இரண்டே சொற்கள். வாசலில் என்ன பேசிக்கொண்டார்கள், பேசினார்களா என்பது இல்லை. இந்த இல்லாத காட்சியை ஐந்து வரிகளில் எழுதச் சொல்லி, பத்திக்குள் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள். எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் கதை தளர்ந்துவிடுவதை எழுதியவரே ஒப்புக்கொள்வார்.

முரண்நகையைத் தனிப்பாடமாக நடத்த வேண்டியதில்லை. பாத்திரத்துக்குத் தெரியாத ஒன்று வாசகருக்குத் தெரிந்துவிட்ட இடத்தை இந்தப் பயிற்சிகளிலேயே மாணவர்கள் கண்டிருப்பார்கள். பெயரை மட்டும் சொன்னால் போதும்.

பேச்சை எழுத்தாக்குதல்

வகுப்பில் அருமையாகப் பேசிய மாணவர், எழுத உட்கார்ந்ததும் 'கையாண்டுள்ளார்' என்ற சொல்லுக்குத் திரும்பிவிடுவார். அதைத் தடுக்க நான் வினைச்சொற்களில் கைவைக்கிறேன். பயன்படுத்தினார், கையாண்டார், அமைத்துள்ளார் ஆகியவற்றை ஒரு மாதத்துக்கு விலக்கிவிட்டு, மறைக்கிறது, தாமதப்படுத்துகிறது, நெருங்கச் செய்கிறது, ஐயப்பட வைக்கிறது, பொய்யாக்குகிறது போன்ற வினைகளால் மட்டுமே உத்தியைப் பற்றி எழுதச் சொல்கிறேன். எதை மறைக்கிறது, யாரை ஐயப்பட வைக்கிறது என்று வாக்கியமே அடுத்த சொல்லைக் கேட்கும். கதைக்குள் போகாமல் அதற்கு விடை எழுத முடியாது.

'இக்கதையில் நம்பகமற்ற கதைசொல்லி என்ற உத்தி சிறப்பாக அமைந்துள்ளது' என்று முதல் வாரத்தில் எழுதிய ஒரு மாணவி, மூன்று முறை திருத்திய பின் எழுதியது இது: "தனக்கு எதுவும் வேண்டாம் என்றும், தான் மழையைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் கதைசொல்லி கூறுகிறான். ஆனால் 'ஆறாவது உளியின் பிடியில்' இருந்த குழிவு வரை அவன் கண்டிருப்பதும், மழை நின்றதை அறியாமல் போனதும் அவன் கூற்றைப் பொய்யாக்குகின்றன. தன் விருப்பத்தைத் தானே ஒப்புக்கொள்ளாதவனைத் தன்மைக் கூற்றில் பேசவைத்திருப்பதால், அவன் சொல்லுக்கும் பார்வைக்கும் இடையிலுள்ள விலகலை வாசகர்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கண்டுபிடித்த பின், அவன் சொல்லும் 'வேண்டாம்' என்ற சொல் ஒவ்வொன்றும் எதிர்ப்பொருள் தருகிறது."

இந்தப் பத்தியில் உத்தியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை, ஆனால் உத்தி முழுமையாக இருக்கிறது. தேர்வுக்குப் பெயர் வேண்டுமென்றால் கடைசி வாக்கியத்தில் சேர்த்துக்கொள்ளலாம். மேற்கோள் எவ்வளவு சிறியது என்பதையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள்: மூன்றே சொற்கள். நான்கைந்து வரிகளை அப்படியே பெயர்த்தெழுதும் பழக்கத்தை விட்டுவிட்டு, தன் வாக்கியத்துக்குள் பொருந்தும் அளவுக்கு மட்டும் சொற்களை எடுக்கப் பயில வேண்டும்.

கருத்து வேறுபாடு எழும்போது ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல விரையக் கூடாது. அண்ணன் உளியை மறந்து விட்டுப்போயிருக்கலாமே என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி, பத்தியில் 'ஓர் உளி' என்று மட்டுமே இருப்பதால் அந்த வாய்ப்பு அடைபடவில்லை. ஒவ்வொன்றாகத் துடைத்து எடுப்பவர், துடைக்காமல் விட்ட ஒன்றை மறக்கக்கூடியவரா என்று மற்றவர்கள் வாதிட்டார்கள். அவர் முழுமையாக இணங்கவில்லை. தன் விடையில் இரு வாசிப்புகளையும் எழுதி, எது எந்தச் சொல்லைத் துணைக்கொள்கிறது என்று எடைபோட்டிருந்தார். அவருக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். சொல்லைச் சான்றாகக் காட்டாமல், 'எனக்கு அப்படித் தோன்றுகிறது' என்று நிறுத்திக்கொண்ட விடைகளுக்கு, அவை பெரும்பான்மையோர் கருத்தோடு ஒத்திருந்தபோதும், பாதியே கொடுத்தேன். மதிப்பிடும் முறை இதுதான் என்று முன்னதாகவே வகுப்பில் சொல்லிவிட்டால், சரியான விடை எது என்று ஆசிரியரின் முகத்தைப் பார்க்கும் வழக்கம் சில வாரங்களில் குறைந்துவிடுகிறது.

பருவத்தின் இறுதியில்தான் கலைச்சொல் அட்டவணையை நான் எழுதவைக்கிறேன். இடப்புறத்தில் உத்தியின் பெயர் இருக்கும். வலப்புறத்தில் பாடநூல் வரையறைக்கு இடமில்லை. அந்த உத்தியைத் தாம் முதன்முதலாக எங்கே சந்தித்தோம் என்பதை மாணவர்கள் தம் சொற்களில் எழுத வேண்டும். நம்பகமற்ற கதைசொல்லி என்பதற்கு நேரே அந்த மாணவி எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'மழை நின்றதைப் பார்க்காதவன்.'